கிராமத்து பப்பில் ஞாயிறு மதியச் சாப்பாடு: குடிக்காதவர்கள் குடும்பத்தோடு போகலாமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குக் குடிவந்து சில மாதங்களே ஆன ஒரு குடும்பம். கணவரின் அலுவலக நண்பர் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு யார்க்ஷயர் டேல்ஸ் என்ற மலைப்பள்ளத்தாக்குப் பக்கம் ஒரு கிராமத்து பப்புக்குக் கூப்பிட்டிருக்கிறார். கணவர் எப்போதாவது ஒரு பீர் குடிப்பார், மாட்டிறைச்சி சாப்பிடமாட்டார். மனைவி குடிப்பதில்லை, சைவம். மாமியார் முட்டைகூடத் தொடாத சைவம். ஒன்பது வயதில் ஒரு மகன். “சாராயம் விற்கிற இடத்துக்கு மாமியாரையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகலாமா, அங்கே எங்களுக்குச் சாப்பிட என்ன கிடைக்கும், வீட்டிலிருந்து தயிர்சாதம் கட்டிக்கொண்டு போகலாமா?” என்று மனைவி கேட்டிருக்கிறார். சாப்பாட்டு விஷயம் எளிது. தெரியாமல் எதையாவது செய்து நாலு பேர் முன்னால் கூச்சப்பட நேருமோ, நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்களோ என்ற தயக்கமும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அதற்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

நான் இங்கே படிக்க வந்த காலத்தில் வட யார்க்ஷயரில் ஒரு கிராமத்து பப்பில் பார் வேலைக்குச் சேர்ந்தேன். அப்புறம் சமையலறை, பீர் வைக்கும் நிலவறை என்று எல்லா வேலையும் பார்த்து, மது விற்பனைக்கான தனிநபர் உரிமத் தேர்வும் எழுதி, பல வருடம் அந்தத் தொழிலிலேயே இருந்தேன். சட்டம் என்று நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். அது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியது, ஸ்காட்லாந்தில் சில விதிகள் வேறு. வழக்கம் என்று சொல்வது வட இங்கிலாந்தில் நான் கண்டது, தெற்கே கொஞ்சம் மாறும். ஒவ்வொரு பப்புக்கும் தனி நடைமுறையும் உண்டு. அதை போன் செய்து கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள்.

முதலில் நேரான பதில்: தாராளமாகப் போகலாம். மது விற்பதே பிரதான தொழிலாக உள்ள இடத்துக்குள் 16 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகள் பெரியவர் துணையில்லாமல் இருக்கக்கூடாது, அவ்வளவுதான் சட்டம். அம்மா அப்பாவோடு வரும் ஒன்பது வயதுப் பையனுக்கு எந்தத் தடையும் இல்லை. ஆனால் பிள்ளைகளை எந்த அறைவரை, எத்தனை மணிவரை அனுமதிப்பது என்பது பப் நடத்துபவர் முடிவு. இரவு எட்டு ஒன்பது மணிக்கு மேல் வேண்டாம் என்பவர்கள் உண்டு, பார் (பானம் ஊற்றித் தரும் நீள மேடை) இருக்கும் அறையில் வேண்டாம், சாப்பாட்டு அறையில் உட்காருங்கள் என்பவர்களும் உண்டு. ஞாயிறு மதியத்துக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் பெரும்பாலும் குறுக்கே வராது. அன்றைக்குப் பாதி மேசைகளில் தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தைவரை உட்கார்ந்திருப்பார்கள்.

நம் ஊரில் ‘பார்’ என்றதும் டாஸ்மாக் பக்கத்துத் தகரக் கொட்டகையும், ஈரத் தரையும், அவசரமாகக் குடித்துவிட்டு வெளியேறும் ஆண்களும்தான் கண்ணுக்குள் வரும். மாமியாருக்கும் அந்தப் படம்தான் இருக்கும், அதில் அவர்மேல் குற்றமில்லை. அந்தப் படத்தை மாற்ற ஒரு விஷயம் சொல்லுங்கள். போதையில் இருப்பவருக்கு மது விற்பது இந்த நாட்டில் குற்றம். போதையில் இருக்கும் நண்பருக்காக இன்னொருவர் வாங்கிக் கொடுப்பதும் குற்றம். விற்ற ஊழியரே அபராதம் கட்ட நேரும். எனவே பாரில் வேலை செய்பவருக்கு எப்போதும் ஒரு கண் அதில் இருக்கும். குரல் ஏறும்போதே போய்ப் பேசி, ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்து, வீட்டுக்கு அனுப்பி வைப்போம். கிராமத்தில் இது இன்னும் சுலபம், வருபவர் யார் வீட்டுப் பிள்ளை என்று எல்லோருக்கும் தெரியும். காலையில் நம் ஊர் டீக்கடையில் பேப்பர் படிக்கவும் ஊர்க்கதை பேசவும் கூடுகிற கூட்டத்தைக் கொஞ்சம் வயது கூட்டி, கணப்படுப்பு பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். ஞாயிறு மதியக் கிராமத்து பப் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும்.

நம்மைப் பார்ப்பார்களா என்றால், பார்ப்பார்கள். கதவைத் திறந்ததும் பாரில் நிற்கும் நாலைந்து தலைகள் திரும்பும். அது பக்கத்து ஊர்க்காரர் நுழைந்தாலும் திரும்பும். யார் வந்தது என்று பார்க்கிற பழக்கம். நீங்கள் சிரித்து ஒரு ‘ஹலோ’ சொன்னால் பதிலுக்கு ஹலோ வரும், தலைகள் பழையபடி திரும்பிக்கொள்ளும். எங்கேயும் கசப்பான அனுபவமே வராது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன், நாலு விதமான மனிதர்கள் எங்கும் உண்டு. ஆனால் பாருக்கு அந்தப் பக்கம் நின்று நான் பார்த்தவரை, புதிதாக வந்த இந்தியக் குடும்பத்திடம் ஊர்க்காரர்கள் கேட்பது “எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறீர்கள், நடந்து வந்தீர்களா, மழை பிடித்துக்கொண்டதா” என்பதுதான். யாருக்கும் விற்க மறுக்கும் உரிமை பப் நடத்துபவருக்கு உண்டு. அதை இனத்தையோ மதத்தையோ வைத்துச் செய்வது 2010 சமத்துவச் சட்டப்படி சட்டவிரோதம், வழக்குப் போடலாம். இந்தச் சட்டத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போக வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. இருக்கிறது என்று தெரிந்திருந்தால் போதும்.

கூச்சப்பட நேருமோ என்ற பயத்துக்கு மருந்து ஒரே ஒரு வழக்கத்தைத் தெரிந்துகொள்வதில் இருக்கிறது. பப்பில் உங்களைத் தேடி யாரும் வரமாட்டார்கள், நீங்கள்தான் பாருக்குப் போக வேண்டும். நம் ஓட்டல் பழக்கத்தில், உட்கார்ந்த உடனே சர்வர் தண்ணீரோடு வருவார் என்று காத்திருப்போம். கால் மணி நேரம் யாரும் எட்டிப் பார்க்காவிட்டால் “நம்மைக் கண்டுகொள்ளவே இல்லையே” என்று மனது கசந்துபோகும். இப்படிக் காத்திருந்து முகம் வாடிய குடும்பங்களைப் பார்த்து நானே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறேன். காலியான மேசையில் நீங்களாகவே உட்காரலாம், ‘ரிசர்வ்’ அட்டை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வாசலில் ‘இங்கே காத்திருங்கள், இடம் காட்டுகிறோம்’ என்று பலகை இருந்தால் மட்டும் நிற்க வேண்டும். சாப்பாட்டுக்குப் பெயர் பெற்ற பப்புகளில், அதுவும் ஞாயிறன்று, மேசைக்கே வந்து ஆர்டர் எடுப்பதும் உண்டு. எது என்று தெரியாவிட்டால் “ஆர்டர் பாரில் கொடுக்க வேண்டுமா, மேசையிலேயே எடுப்பீர்களா?” என்று உள்ளே நுழைந்ததும் கேட்டுவிடுங்கள். இதை ஆங்கிலேயர்களே தினமும் கேட்பார்கள்.

பாருக்குப் போகும் முன் மேசையின் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மூலையில் சின்னப் பித்தளை வட்டத்திலோ, உப்பு மிளகு வைத்த மரத்துண்டிலோ இருக்கும். சாப்பாடு சொல்லும்போது முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான். பாரில் வரிசை என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாது, நீளவாக்கில் பரவி நிற்பார்கள். ஆனால் யார் முன்னால் வந்தார், யார் பின்னால் வந்தார் என்பது நிற்பவர்களுக்கும் தெரியும், பரிமாறுபவருக்கும் தெரியும். கையில் கார்டு தெரிகிற மாதிரி நின்று, பரிமாறுபவரின் கண்ணைப் பார்த்தால் போதும். ஒரு சின்னத் தலையசைப்பு வந்தால் “பார்த்துவிட்டேன், உங்கள் முறை வரும்” என்று பொருள். பணத்தை ஆட்டுவது, விரலைச் சொடுக்குவது, “எக்ஸ்கியூஸ் மீ” என்று சத்தம் போடுவது மூன்றும் ஆகாது. “அடுத்து யார்?” என்று கேட்கும்போது பக்கத்தில் நிற்பவர் உங்களுக்கு முன் வந்தவர் என்றால் அவரைக் கைகாட்டுங்கள். அந்த ஒரு கைகாட்டலில் உங்களுக்கு அங்கே நல்ல பெயர் வந்துவிடும்.

பாரில் நிற்பவரும் முக்காலியில் உட்கார்ந்திருப்பவரும் பேச்சுக்குத் தயாராக இருப்பவர்கள், மேசைக்குப் போய்விட்டவர்கள் தங்களுக்குள் பேச விரும்புகிறவர்கள். இது எழுதாத விதி. உங்களுக்கு ஊர்க்காரர்களோடு பேச ஆசையிருந்தால் ஆர்டருக்கு நிற்கும் நேரத்தில் வானிலையிலோ, காலடியில் படுத்திருக்கும் நாயிலோ தொடங்கலாம். வேண்டாம் என்றால் கிளாஸை எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்துவிடலாம், யாரும் தொடர்ந்து வந்து தொந்தரவு செய்யமாட்டார்கள்.

அடுத்தது பணம். இதில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அழைத்தவர்தான் செலவு செய்வார் என்பது நம் பழக்கம். இங்கே “பப்புக்குப் போகலாமா?” என்பது சேர்ந்து போகலாம் என்ற அழைப்பு மட்டுமே, விருந்து என்று அர்த்தமில்லை. “நான் வாங்கித் தருகிறேன்” என்று நண்பர் வெளிப்படையாகச் சொல்லாதவரை உங்கள் சாப்பாட்டுக்கு நீங்கள் கொடுக்கத் தயாராகப் போங்கள். பானங்களுக்கு வேறு முறை: ‘ரவுண்ட்’. ஒருவர் எழுந்து எல்லோருக்கும் என்ன வேண்டும் என்று கேட்டு, எல்லோருக்கும் சேர்த்து அவரே வாங்கி வருவார். அந்தக் கிளாஸ்கள் தீரும் நேரத்தில் இன்னொருவர் எழ வேண்டும். கணக்கு யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், ஆனால் யார் எழவில்லை என்பது எல்லோர் மனதிலும் பதியும். “நான் ஜூஸ்தானே குடித்தேன்” என்று குடிக்காதவர் ஒதுங்கிக்கொள்வதும் இங்கே அழகில்லை. நல்ல வழி, போனவுடன் முதல் ரவுண்டை நீங்களே வாங்கிவிடுவது. உங்கள் கணவர் எழுந்து “எல்லோருக்கும் என்ன வேண்டும்?” என்று கேட்டுவிட்டால் அன்றைய தினத்தின் பெரிய கேள்வி முடிந்தது. கையில் காசு வாங்கி ஏலச்சீட்டு மாதிரி பங்கு போட வேண்டாம். சாப்பாட்டு பில் வந்ததும் “எங்கள் பங்கு எவ்வளவு?” என்று கேட்டு உங்கள் குடும்பத்துக்கு உரியதைக் கொடுங்கள். நண்பர் பிடிவாதமாகத் தானே கொடுத்தால் நன்றி சொல்லி ஏற்றுக்கொண்டு, அடுத்த முறை உங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள்.

பானத்துக்கு டிப்ஸ் கிடையாது. பாரில் இருப்பவர் நன்றாகக் கவனித்தால் “உங்களுக்கும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லலாம். அவர் ஒரு பானத்தின் விலையையோ அதைவிடக் குறைவான சில்லறையையோ பில்லில் சேர்த்துக்கொள்வார். மேசைக்கு வந்து சாப்பாடு பரிமாறினால் பத்து சதவீதம் வைப்பது வழக்கம், கட்டாயம் இல்லை. 2024 அக்டோபர் முதல் டிப்ஸ் முழுவதும் ஊழியர்களுக்கே போய்ச் சேர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. எனவே கார்டில் சேர்த்துக் கொடுத்தாலும் வீணாகாது.

குடிக்காதவர் ஏன் குடிக்கவில்லை என்று யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. கார் ஓட்டுபவர், கர்ப்பிணி, மருந்து சாப்பிடுபவர் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஓரிருவர் இருப்பார்கள். ‘லைம் அண்ட் சோடா’ எல்லா பப்பிலும் கிடைக்கும், விலையும் குறைவு. எல்டர்பூ சிரப்பில் சோடா ஊற்றித் தருவது வேனிற்காலத்துக்கு மிகவும் நன்றாக இருக்கும், மாமியாருக்கும் பிடிக்கலாம். குழாய்த் தண்ணீர் கேட்டால் வாடிக்கையாளருக்கு இலவசமாகத் தர வேண்டும், அது உரிம நிபந்தனை. காபி, டீ பெரும்பாலும் உண்டு. ஆனால் சில இடங்களில் ஏமாந்துவிடக்கூடாது. ‘சைடர்’ என்றால் ஆப்பிள் ஜூஸ் என்று நினைத்துப் பிள்ளைக்குச் சொல்லிவிடாதீர்கள், இங்கே அது பீருக்குச் சமமான, சில சமயம் அதைவிடக் கடுமையான மது. ‘ஷாண்டி’யில் பாதி பீர். ‘ஜிஞ்சர் பீர்’ பெரும்பாலும் வெறும் இஞ்சிச் சோடா, ஆனால் மது கலந்த வகைகளும் விற்பனையில் இருப்பதால் கேட்டு வாங்குங்கள். ‘லெமனேட்’ என்பது நம் எலுமிச்சை ஜூஸ் கிடையாது, நிறமில்லாத இனிப்புச் சோடா. தக்காளி ஜூஸ் கேட்டால் “காரம் சேர்க்கவா?” என்பார்கள். அதில் ஊற்றும் வூஸ்டர் சாஸில் நெத்திலி மீன் இருக்கிறது, சைவம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் கணவருக்குக் கொஞ்சம். அவர் குளிர்ந்த பீரை மட்டும் அறிந்தவராக இருந்தால், பாரின் மேல் உயரமான மரக் கைப்பிடிகளோடு நிற்கும் பம்புகளைக் காட்டி ஒரு அரை பைன்ட் (284 மில்லி) முயன்று பார்க்கச் சொல்லுங்கள். அதில் வருவது ‘காஸ்க் ஏல்’. இந்த பீர் ஆலையிலிருந்து முடிந்துபோன சரக்காக வருவதில்லை, பீப்பாயில் உயிருள்ள ஈஸ்டோடு வந்து பப்பின் நிலவறையில்தான் பக்குவமாகிறது. வந்த பீப்பாயை அசையாமல் கிடத்தி, மேலே உள்ள துளையில் மரத்தக்கை செருகி, வாயு மெல்ல வெளியேறவிட்டு, கலங்கல் அடியில் தங்கியதா என்று கிளாஸில் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்போம். தெளிந்த பிறகுதான் மேலே பம்புக்கு இணைப்பு. திறந்த பீப்பாய் மூன்று நாளுக்குள் தீர வேண்டும், அதற்கு மேல் புளிப்பு தட்டும். நிலவறை 11 முதல் 13 டிகிரி வரை இருக்கும். பீரும் அதே குளிர்ச்சியில்தான் வரும். வெதுவெதுப்பான பீர் என்று இதைச் சொல்வது சரியில்லை. பல்லைக் கூசவைக்கும் குளிரில் இந்த பீரின் மணம் தெரியாது என்பதால்தான் இந்த அளவு. எது வேண்டும் என்று தெரியாவிட்டால் ருசி பார்க்கக் கேட்கலாம், சின்னக் கிளாஸில் இரண்டு மடக்கு தருவார்கள், காசு கிடையாது.

டேல்ஸ் பக்கம் போவதால் மாஷம் என்ற சின்ன ஊரின் பீர் கண்ணில் படும். அந்த ஒரே ஊரில் தொடங்கியவை இரண்டு ஆலைகள். தீக்ஸ்டன் பழையது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரே பிரிந்து வந்து 1992-இல் தொடங்கியது பிளாக் ஷீப். தீக்ஸ்டனின் ‘ஓல்ட் பெகூலியர்’ கருத்து அடர்ந்த பீர், 5.6 சதவீத மது. கார் சாவி வைத்திருப்பவர் அதைத் தொட வேண்டாம். வடக்கே பம்பின் வாயில் ‘ஸ்பார்க்ளர்’ என்ற துளையிட்ட மூடியைத் திருகி வைப்பார்கள். பீர் அதன் வழியாகப் பீய்ச்சி வருவதால் மேலே பால் ஆடை மாதிரி நுரை கட்டும். தெற்கே அதை வேண்டாம் என்பார்கள். எது சரி என்பதில் இரண்டு பக்கமும் விடாமல் சண்டை போடுகிறார்கள், எனக்கு வடக்கின் நுரைதான் பிடிக்கும். ஒரு பைன்ட் 568 மில்லி, அரை பைன்ட் அதில் பாதி. நுரை போகக் கிளாஸ் குறைவாகத் தெரிந்தால் “கொஞ்சம் நிரப்ப முடியுமா?” என்று கேட்கலாம், முகம் சுளிக்காமல் நிரப்பித் தர வேண்டும்.

வண்டி விஷயத்தில் என் கருத்து கடுமையானது: ஓட்டுபவர் ஒரு சொட்டும் குடிக்க வேண்டாம். இதை எழுதும் இன்று இங்கிலாந்தில் சட்ட வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் ஆல்கஹால். ஸ்காட்லாந்தில் 2014 முதல் 50. அது எத்தனை பைன்ட் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. உடல் எடை, சாப்பிட்ட சாப்பாடு, பீரின் கடுமை என்று ஆளுக்கு ஆள் மாறும். “ஒரு பைன்ட் பரவாயில்லை” என்று சொல்லும் நண்பர் உங்களுக்காகக் கோர்ட்டில் வந்து நிற்கமாட்டார். டேல்ஸ் சாலைகள் குறுகல், இரண்டு பக்கமும் கல் சுவர், எதிரே டிராக்டர். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்ப முடியாது, டாக்ஸியை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், போன் சிக்னல் பள்ளத்தாக்கில் போய்விடும். குடிக்காத நீங்கள் ஓட்டினால் எல்லாம் எளிது.

இனி சாப்பாடு. ஞாயிறு மதியம் என்றால் ‘சண்டே ரோஸ்ட்’. மாடு, ஆடு, பன்றி, கோழி என்று ஏதோ ஒரு இறைச்சியை அடுப்பில் சுட்டு, துண்டு போட்டு, சுட்ட உருளைக்கிழங்கு, காரட், கோஸ், பட்டாணி, யார்க்ஷயர் புட்டிங் எல்லாம் ஒரே தட்டில் அடுக்கி, மேலே கிரேவி ஊற்றித் தருவார்கள். யார்க்ஷயர் புட்டிங் இனிப்பு இல்லை. மைதா, முட்டை, பால் கரைத்த மாவைப் புகையும் கொழுப்பில் ஊற்றிச் சுட்டால் கிண்ணம்போல் உப்பி எழும் பண்டம். நாலு அங்குலத்துக்குக் குறையாமல் எழ வேண்டும் என்று 2008-இல் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரியே சொன்னது, அவ்வளவு ஊர்ப்பெருமை இதில். ஓரம் மொறுமொறுவென்றும் அடி மெத்தென்றும் இருக்கும், கிரேவி தேங்கி நிற்க அந்தக் குழிதான் இடம். இங்கேதான் மாட்டிறைச்சி சாப்பிடாதவர் கவனிக்க வேண்டும். உங்கள் கணவர் கோழி ரோஸ்ட் சொன்னாலும், கிரேவி எல்லாத் தட்டுக்கும் பொதுவாக மாட்டு எலும்புச் சாற்றில் செய்ததாக இருக்கலாம். புட்டிங்கையும் உருளைக்கிழங்கையும் மாட்டுக் கொழுப்பில் சுட்டிருக்கலாம். “மாட்டிறைச்சி சேராத கிரேவி இருக்கிறதா, புட்டிங் எதில் சுட்டது?” என்று இரண்டு கேள்வி கேட்டால் போதும். பல சமையலறைகளில் சைவ கிரேவி தனியாக வைத்திருப்பார்கள், அதைக் கோழிக்கும் ஊற்றித் தருவார்கள்.

சைவக்காரருக்கு ஞாயிறன்று பெரும்பாலும் ‘நட் ரோஸ்ட்’ இருக்கும். கொட்டைகளும் காய்கறியும் ரொட்டித்தூளும் சேர்த்துச் சுட்டது, நன்றாகச் செய்தால் வயிறு நிறையும். மாவுப் போர்வைக்குள் காளானும் காய்கறியும் பொதிந்து சுட்ட வெலிங்டன் இன்னொன்று. நீங்கள் முட்டை சாப்பிடுபவர் என்றால் கவலை குறைவு. மாமியாருக்கு நான் சொல்லும் குறுக்குவழி, சைவ மெனுவை விட்டுவிட்டு ‘வீகன்’ மெனுவைக் கேட்பது. அதில் முட்டை, விலங்குக் கொழுப்பு, ஜெலட்டின் எதுவும் இருக்காது. பால் பொருள் அவருக்குப் பரவாயில்லை என்பதால் வெண்ணெயோ கிரீமோ தனியாகக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் சொன்னால் முட்டை உண்டு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், ‘மீன் பரவாயில்லையா?’ என்று கேட்பவர்களும் உண்டு. உருளைச் சிப்ஸ் சைவம்தானே என்று எண்ண வேண்டாம். யார்க்ஷயரில் மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. எண்ணெயில் பொரித்தாலும் மீன் பொரித்த அதே எண்ணெய்ச் சட்டியாக இருக்கலாம். பாரில் தொங்கும் பொட்டலங்களில் ‘போர்க் ஸ்கிராட்சிங்ஸ்’ பன்றித்தோல் பொரியல், பையன் கை நீட்டும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். குடியையே முழுதாகத் தவிர்க்கிற வீடு என்றால் சமையலில் சேரும் மதுவையும் கேட்டுவிடுங்கள். வெங்காய வளையமும் மீனும் பீர் கலந்த மாவில் தோய்த்துப் பொரித்ததாக இருக்கலாம், டிரைஃபிள் என்ற இனிப்பில் ஷெர்ரி என்ற ஒயின் இருக்கலாம். பேரீச்சையும் டாஃபி சாஸும் சேர்ந்த ஸ்டிக்கி டாஃபி புட்டிங்கில் பொதுவாக மது கிடையாது, முட்டை உண்டு.

பீர் குடிக்கும் சைவக்காரர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒன்று. காஸ்க் ஏலைத் தெளிய வைக்க ஐசிங்கிளாஸ் என்ற பொருளைச் சேர்ப்பது பழைய வழக்கம், அது மீனின் காற்றுப்பையிலிருந்து எடுப்பது. எல்லா ஆலையும் சேர்ப்பதில்லை. பம்பில் மாட்டியிருக்கும் அட்டையிலோ பாரில் கேட்டோ தெரிந்துகொள்ளலாம்.

தயிர்சாதம் கேட்டிருந்தீர்கள். கைக்குழந்தையின் உணவைத் தவிர வெளிச்சாப்பாட்டை உள்ளே பிரித்துச் சாப்பிடுவதை விரும்பமாட்டார்கள். சமையலறை அவர்கள் பிழைப்பு, உணவுப் பாதுகாப்புப் பொறுப்பும் அவர்களுடையது. மாமியாருக்கு எதுவுமே ஒத்துவராது என்று நினைத்தால் போன் செய்யும்போதே சொல்லுங்கள். தோலோடு சுட்ட உருளைக்கிழங்கில் வெண்ணெயும் சீஸும் வைத்துத் தருவது எந்தச் சமையலறைக்கும் சிரமமில்லை. அப்படியும் பசி ஆறாவிட்டால் தயிர்சாதம் காரில் இருக்கட்டும். டேல்ஸில் ஆற்றங்கரைக்குப் பஞ்சமில்லை.

நாய்களைப் பற்றி மாமியாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கிராமத்து பப்பில் நாய் வருவது சாதாரணம். நடைபயணம் முடித்த ஈர நாய்கள் மேசைக்கடியில் படுத்திருக்கும், அவற்றுக்குத் தண்ணீர்க் கிண்ணமும் வைத்திருப்பார்கள். பெரும்பாலும் ஒரு அறையில் நாய்களை விடமாட்டார்கள். அந்த அறையில் மேசை கேட்டு வாங்கலாம். பையன் தோட்டத்தில் ஓடி விளையாடலாம், உள்ளே மேசைகளுக்கு நடுவில் மட்டும் ஓட விடாதீர்கள், சூடான தட்டுகளோடு வருபவருக்கு ஆபத்து. பழைய கட்டடங்களில் உத்தரம் தாழ்வாக இருக்கும், உயரமானவர்கள் தலையைப் பார்த்துக்கொள்ளவும்.

நேரக்கணக்கு முக்கியம். பப் திறந்திருப்பதும் சமையலறை திறந்திருப்பதும் ஒன்றில்லை. வார நாளில் மதியம் பன்னிரண்டு முதல் இரண்டு இரண்டரை வரை, மாலை ஆறு முதல் எட்டரை ஒன்பது வரை என்பது பொதுவான கணக்கு. ஞாயிறு பன்னிரண்டில் தொடங்கி நாலு ஐந்துக்குள் ரோஸ்ட் தீர்ந்துவிடும், அன்று இரவு சமையல் இல்லாத பப்புகள் நிறைய. திங்கள் விடுமுறை விடுவோரும் உண்டு. சில கிராமங்களில் மதியம் மூன்று மணிக்குக் கதவைச் சாத்துவதைப் பார்க்கலாம். முதல் உலகப் போரின்போது ஆயுதத் தொழிலாளர்கள் குடித்துக் கெடக்கூடாது என்று கொண்டுவந்த மதிய அடைப்பு, வார நாட்களில் 1988 வரைக்கும், ஞாயிறுகளில் 1995 வரைக்கும் சட்டமாகவே நீடித்தது. இப்போது சாத்துவது ஆள் பற்றாக்குறையாலோ வியாபாரம் மந்தமாக இருப்பதாலோதான்.

கூட்டிப் போகும் நண்பரிடம் நேரம் இருந்தால் டான் ஹில் விடுதியையும் காட்டச் சொல்லுங்கள். டேல்ஸின் வட விளிம்பில் 528 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பிரிட்டனிலேயே உயரமான பப். 2021 நவம்பரில் ஆர்வென் புயலில் சாலை மூடிப்போய், பாட்டுக் கச்சேரி கேட்க வந்த சுமார் 60 பேர் அங்கேயே மூன்று இரவு தங்கிவிட்டார்கள். தரையில் மெத்தை போட்டு, கிடைத்ததைச் சமைத்து, எல்லோருக்கும் பரிமாறியது அந்த பப். அந்த மேட்டில் அடைக்கலம் தர வேறு கூரை கிடையாது. பல கிராமங்களில் கடையும் தபால் நிலையமும் மூடிய பிறகு மிஞ்சியிருக்கும் ஒரே பொது இடம் பப்தான். அதனால்தான் பப் மூடப்போகிறது என்றால் ஊரே பணம் போட்டு வாங்குகிறது. கம்ப்ரியாவில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் ஊர்க்காரர்கள் 2003-இல் கூட்டுறவாக வாங்கி நடத்தத் தொடங்கிய ஓல்ட் கிரவுன் இதற்கு முன்னோடி. நீங்கள் ஒரு ஞாயிறு போய் நாலு தட்டுச் சாப்பாடு வாங்கினால் அந்தக் கதவு திறந்திருக்க உதவியாகத்தான் பார்ப்பார்கள். உங்கள் கிளாஸில் பீர் இருக்கிறதா, எலுமிச்சைச் சோடா இருக்கிறதா என்பதில் அவர்களுக்குக் கவலையில்லை.

இனி செய்ய வேண்டியது ஒரு போன். நண்பர் மேசை பதிவு செய்துவிட்டாரா என்று முதலில் கேளுங்கள், ஞாயிறு ரோஸ்ட்டுக்குப் பதிவில்லாமல் போய் இடம் கிடைக்காமல் திரும்புவோர் உண்டு. அன்னையர் ஞாயிறு என்றால் சில வாரம் முன்பே நிரம்பிவிடும். பதிவாகிவிட்டால் அவர் பெயரைச் சொல்லி நீங்களே பப்புக்குப் பேசலாம். மதியம் பன்னிரண்டு முதல் இரண்டு வரை கூப்பிடாதீர்கள், போனை எடுப்பவர் கையில் நாலு தட்டு இருக்கும். காலை பத்து பதினொன்றுக்குள் கூப்பிட்டால் சமையல்காரரிடமே பேச வாய்ப்பு உண்டு. ஒருவர் முட்டை, இறைச்சி, மீன் எதுவும் சாப்பிடமாட்டார், ஒருவர் சைவம், ஆனால் முட்டை சாப்பிடுவார் (உங்களுக்கு முட்டை ஆகும் என்றால்), ஒருவருக்கு மாட்டிறைச்சியும் அதன் கிரேவியும் கூடாது, ஒன்பது வயதுப் பையன் வருகிறான், நாய் வராத அறையில் மேசை வேண்டும் என்று இந்த வரிசையில் சொல்லுங்கள். வீகன் தட்டை முன்கூட்டியே எண்ணிச் சமைப்பதால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுவது நல்லது.